மறு உத்தரவு வரும் வரை

ஜன்னல் ஓரம் நீங்க வந்துடுங்க சார். பரவாயில்ல, வாங்க. ஊர்ல எல்லாரும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவான், இந்த ஆளு வலியக் குடுக்கறானேன்னு பாக்கறீங்க. காத்து வேணாங்கல. இந்த ஆலங்கொல்லை தாண்டற வரைக்கும் எனக்கு அந்தப் பக்கம் பாக்க வேணாம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு கபடி மைதானம் வரும். நாலு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டு வச்சிருப்பானுங்க. ஞாயித்துக்கிழமை வேற.

கோட்டைப் பாத்துப் பயப்படற ஆளான்னு சிரிக்கிறீங்க. சிரிங்க. எங்க வீட்டுலயும் ஆரம்பத்துல இப்படித்தான் சிரிச்சா. வாசல்ல கோலம் போட்டிருந்தா நான் சுத்திக்கிட்டு கொல்லைப்பக்கமா உள்ள வருவேன். கோலத்தை மிதிக்கக் கூடாதுங்கற பக்தியெல்லாம் இல்ல. தரையில ஒரு வெள்ளைக்கோடு கிடந்தா அதுக்கு அந்தப் பக்கம் எனக்கு ரெண்டு கால் தெரியுது சார். செருப்பில்லாத கால். பத்து விரலும் கோட்டை ஒட்டி நிக்கும், ஒரு நூல் கூட உள்ள வராது. டாக்டர்கிட்டயும் போனேன். கண்ணு நல்லாருக்குன்னுட்டார்.

என் பேரு குஞ்சிதபாதம். முப்பத்தொரு வருஷம் பி.டி. மாஸ்டர். அதை விடுங்க, அது சம்பளத்துக்குப் பாத்த வேலை. மனசாரப் பாத்த வேலை வேற. கீழாற்று வட்டார அமெச்சூர் கபடிக் கழகம்னு ஒண்ணு இருந்துது. அதுல ஒழுங்கு நடவடிக்கைக் குழுச் செயலாளர் நான். பதினேழு வருஷம். ஒரு வருஷம் கூட என்னை எதுத்து யாரும் நிக்கலை. அந்த வேலையை யாரும் கேட்கலைங்கறதும் உண்மைதான்.

எங்களுக்கு முன்னாடி எப்படி இருந்துதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். மேட்ச்ல ஒருத்தன் ஒருத்தனை மிதிச்சுட்டான்னு வைங்க. ரெண்டு ஊர்க்காரனும் டீக்கடையில நின்னு கத்துவான். எவன் தொண்டை பெருசோ அவன் பக்கம் தீர்ப்பு. இல்லாட்டி அடுத்த வாரம் இவன் ஊர்க்காரன் அவன் ஊருக்குப் போனா மண்டை உடையும். தடியெடுத்தவன் தண்டல்காரன். நான்தான் சார் காகிதத்தைக் கொண்டு வந்தேன். நடுவர் விசிலைக் கழுத்துலேர்ந்து கழட்டறதுக்கு முன்னாடி அறிக்கை எழுதணும். மூணு நாளுக்குள்ள ஆட்டக்காரனுக்குக் குற்றச்சாட்டுக் கடிதம், பதிவுத் தபால்ல. கடிதத்துல ரெண்டு கட்டம் இருக்கும். ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு நாளுக்குள்ள டிக் போட்டு அனுப்பணும். ஒப்புக்கிட்டா சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது, தண்டனை பாதி. ஒப்புக்கலைன்னா எல்லாரையும் கூப்பிட்டு விசாரிப்போம். குத்தம் நிரூபணமாச்சுன்னா முழுசு. எந்த உத்தரவா இருந்தாலும் மூணு கையெழுத்து. தலைவர் கையெழுத்து, உறுப்பினர் கையெழுத்து, என் கையெழுத்து. ஒண்ணு குறைஞ்சாலும் செல்லாது.

இதையெல்லாம் பச்சை அட்டை போட்டுச் சின்னப் புத்தகமா அடிச்சேன். எல்லா டீமுக்கும் குடுத்தேன். எவனும் படிக்கலை. ஒரு டீம்ல அதைக் கிழிச்சு சுண்டல் மடிச்சிருந்தானுங்க. என் கண்ணால பாத்தேன். ஒரே ஒருத்தன் படிச்சான். அவனைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கேன்.

நீலமேகம்னு பேரு. இந்த ஆலங்கொல்லைக்காரன்தான். அப்ப இருபத்தி நாலு வயசு. மூலையில நின்னு காலைப் பிடிப்பான் பாருங்க, பிடின்னா அது பிடி. பாடி வந்தவன் கோட்டைத் தொடறதுக்கு ஒரு சாண் இருக்கும், அப்படியே நட்ட மரமா நின்னுடுவான். ஆனா வாயே திறக்க மாட்டான். நடுவர் அவுட்டுன்னா அவுட். தப்பாச் சொன்னாக் கூட கையைத் தட்டிட்டு வெளிய போயி உக்காருவான். அப்பா இல்ல. ஒரு தம்பி, மணிமாறன். அஞ்சு வயசு சின்னவன். அவன் நேர் எதிர். கோபம் மூக்கு மேல. முந்தின வருஷம் எவனோ முழங்கால்ல இடிச்சு மேல் வரிசையில ஒரு பல்லு போயிருந்துது, அந்த ஓட்டைய நாக்கால துழாவிக்கிட்டே நிப்பான்.

அந்த வருஷம் சித்திரைப் போட்டி. ஆலங்கொல்லை டீமுக்கு நம்பர் போட்ட பனியன் மொத்தம் ஏழுதான். இங்க எல்லா டீமும் அப்படித்தான். ஒருத்தன் அடிபட்டு வெளிய வந்தா பனியனைக் கழட்டி உள்ள போறவன்கிட்ட குடுத்துடுவான். வேர்வையோட அப்படியே மாட்டிக்கிட்டு ஓடுவான். ஆள் மாறினதை ஸ்கோர் எழுதறவன் தாள்ல குறிக்கணும். விதி பதினொண்ணு. எவன் குறிக்கிறான்?

ரெண்டாவது பாதியில பாடி வந்தவன் மேல ஏழு பேரும் விழுந்துட்டானுங்க. குவியல். அடியிலேர்ந்து ஒரு அலறல். என்னன்னு பாத்தா பாடி வந்த பையனோட கெண்டைக்கால்ல கடி. சதை பிஞ்சு ரத்தம். நடுவர் அறிக்கை எழுதினார், நல்லாவே எழுதினார். குவியல்ல கடிச்சவன் மூஞ்சி தெரியலை, முதுகு தெரிஞ்சுது, முதுகுல நாலாம் நம்பர்னு எழுதினார். டீம் பட்டியலைப் பாத்தேன். நாலாம் நம்பர் நீலமேகம். கடிதம் போட்டேன்.

கடிக்கிறது எங்க புத்தகத்துலயே பெரிய குத்தம். காலை வாரினா ரெண்டு மேட்ச், நடுவரைத் தள்ளினா ஒரு சீசன். கடிச்சா வருஷக் கணக்கே கிடையாது. மறு உத்தரவு வரும் வரை தடை.

அஞ்சாம் நாளே பதில் வந்துது. ஒப்புக்கொள்கிறேன்ல டிக். கையெழுத்து முத்து முத்தா இருந்துது.

கடி வழக்குன்னா ஒப்புக்கிட்டாலும் நேர்ல வந்து குழு முன்னாடி கையெழுத்துப் போடணும். தலைவர் பாலகுருவோட ரைஸ்மில் ஆபீஸ்லதான் உக்காருவோம். பாலகுரு, நான், மூணாவதா ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் தாவூது பாய். நீலமேகம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தான். லேசா நொண்டினான். பாலகுரு, "கால்ல என்னடா?"ன்னார். "அன்னிக்கு மொத பாதியில பிசகிடுச்சுங்க"ன்னான்.

மொத பாதியில பிசகிடுச்சுன்னான் சார். கடிச்சது ரெண்டாவது பாதியில.

பாய் என்னைப் பாத்தார். நான் பைலைப் பாத்தேன். பைல்ல கடிபட்ட காலோட போட்டோ இருந்துது, போன்ல எடுத்துப் பிரிண்ட் போட்டது. மேல் வரிசைப் பல்லு பதிஞ்ச இடத்துல நடுவுல ஒரு பல்லு இல்ல. அந்த நேரம் பாத்து மில்லுலேர்ந்து எல்லாருக்கும் சோடா வந்துது. பாலகுரு ஏதோ கேலி பண்ணினார். நீலமேகம் மரியாதைக்குச் சிரிச்சான். அவனுக்குப் பல்லு வரிசை சோளக்கதிர் மாதிரி. ஒண்ணு கூடக் குறையலை.

எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, நான் என்ன பல் டாக்டரா? சரி. தெரியும். கொஞ்சம் தெரியும். ஆனா அவன் ஒப்புக்கிட்டான். ஒப்புக்கிட்டா சாட்சியம் எடுக்கக் கூடாது. போட்டோவும் சாட்சியம்தானே? அதைப் பாத்து ஒரு முடிவுக்கு வந்தா நானே எழுதின விதியை நானே மீறினவன் ஆயிடுவேன். பாய் மட்டும் விடலை. "தம்பி, நீதான் கடிச்சியா? அல்லா அறியச் சொல்லு"ன்னார். நான், "பாய், விசாரணை கிடையாது இது"ன்னேன். நீலமேகம் என்னைத்தான் பாத்தான். "கடிதத்துல டிக் போட்டிருக்கேன் சார்"ன்னான். ஆமா கடிச்சேன்னு அவன் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.

ஏன்னு பின்னாடி தெரிஞ்சுது. தம்பிக்கு அடுத்த மாசம் சர்க்கார் டீம்ல தேர்வு. விளையாட்டுக் கோட்டாவுல வேலை. குற்றச்சாட்டு நிலுவையில இருக்கற ஆட்டக்காரனுக்குக் கழகம் நன்னடத்தைச் சான்று குடுக்காது. அதுவும் நான் எழுதின விதிதான். அண்ணன் பச்சைப் புத்தகத்தை எடுத்து முழுசாப் படிச்சிருக்கான். எங்க டிக் போட்டா விசாரணை நிக்கும்னு கண்டுபிடிச்சிருக்கான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க. இங்க பழியை அவனே கைநீட்டி வாங்கிக்கிட்டான்.

உத்தரவு எழுதறப்ப பாய் ஒண்ணு கேட்டார். "ஒப்புக்கிட்டாப் பாதி தண்டனைங்கறீங்க. மறு உத்தரவு வரும் வரைங்கறதுல பாதி எவ்வளவு மாஸ்டர்?" பாலகுரு விழுந்து விழுந்து சிரிச்சார். நான் யோசிச்சு, ஒரு வருஷம் கழிச்சு அவன் விண்ணப்பிக்கலாம், குழு பரிசீலிக்கும்னு எழுதினேன். கீழ வழக்கமான வரி. தடை செய்யப்பட்டவர் ஆட்ட நேரத்தில் மைதானக் கோட்டுக்குள் காலடி வைத்தால் அவரது அணி ஐந்தாண்டு நீக்கப்படும். மூணு கையெழுத்து. முத்திரை. அவன் உத்தரவை ரெண்டு தரம் படிச்சான். "கோடுன்னா கோடு உள்படவாங்க சார்?"ன்னு கேட்டான். "கோடு உள்பட"ன்னேன்.

வேற எவனா இருந்தாலும் ரெண்டு மாசத்துல வேற ஊர் பனியனை மாட்டிக்கிட்டு வேற பேர்ல ஆடியிருப்பான். இங்க நடக்காததா? இவன் ஆடலை. ஆனா ஒவ்வொரு போட்டிக்கும் வந்தான். செருப்பைக் கழட்டிட்டு, கோட்டுக்கு வெளிய, கோட்டை ஒட்டி நிப்பான். பந்தல்ல உக்காந்திருக்கற எனக்கு நேரா எதிர்ல. முறைக்கவெல்லாம் மாட்டான். கும்பிடுவான். அதுதான் சார் எனக்குப் பத்திக்கிட்டு வரும். முறைச்சிருந்தா ஒரு குற்றச்சாட்டுக் கடிதம் போட்டிருப்பேன்.

ஒரு வருஷம் ஆன மறுநாளே விண்ணப்பம் வந்துது. நான் ஒண்ணும் குப்பையில போடலை. பைல்ல வச்சேன். இன்னமும் பத்திரமா இருக்கு. ஆனா மூணு பேரும் உக்காந்தாத்தானே பரிசீலிக்க முடியும்? பாலகுருவுக்கு சர்க்கரை ஏறி காலை எடுத்துட்டாங்க, மெட்ராஸ் ஆஸ்பத்திரி. அவர் திரும்பி வந்தா பாய் சிங்கப்பூர்ல மக வீட்டுல. பாய் வந்தா எங்க வீட்டுல மாமியார் காரியம். வருஷம் ஓடிப்போச்சு. அவன் மறுபடியும் விண்ணப்பம் போட்டான். அதுவும் பைல்ல இருக்கு. மூணாவது தடவை போடலை.

தம்பிக்கு வேலை கிடைச்சுது. சர்க்கார் டீம்ல ஆடினான், பேரு வாங்கினான், கோபமும் கொஞ்சம் அடங்குச்சு. அண்ணன் படிச்சு ஆம்புலன்ஸ்ல அட்டெண்டரா சேந்தான். அடிபட்டவனை எப்படித் தூக்கணும், எப்படிப் படுக்க வைக்கணும், அதுதான் அவன் வேலை. இதைக் கவனிச்சுக்குங்க.

நாலாவது வருஷம். மாசி மகத்துக்கு ஆலங்கொல்லையில மேட்ச். சாயங்காலம் நாலு மணி இருக்கும், நல்ல வெளிச்சம். மணிமாறன் லீவுல வந்தவன், ஊருக்காக ஆடறேன்னு இறங்கிட்டான். நான் பந்தல்ல மைக்கோட உக்காந்திருக்கேன். அறிவிப்பு நான்தான், எப்பவும் நான்தான், என் குரல் அப்படி. நீலமேகம் எதிர்ல கோட்டை ஒட்டி நிக்கிறான்.

பாடி வந்தவன் திரும்பி ஓடறப்ப மணிமாறன் காலுக்குப் பாஞ்சான். பாஞ்சவன் தலை ஓடறவன் முழங்கால்ல மோதிச்சு. சத்தம் எனக்கே கேட்டுது, தேங்காய் உடைச்ச மாதிரி. குப்புற விழுந்தான். கையும் ஆடலை, காலும் ஆடலை. கண்ணு மட்டும் திறந்திருந்துது.

எல்லாரும் ஓடறானுங்க. பொம்பளைங்க கத்தறாங்க. நீலமேகம் கோட்டுக்கிட்ட நின்னு ரெண்டு கையையும் வீசி ஏதோ கத்தறான். தூக்காதீங்க, கழுத்தைப் பிடிக்காம தூக்காதீங்கன்னு கத்தியிருக்கான். அந்தக் கூச்சல்ல யாருக்குக் கேக்கும்? அப்புறம் கத்தறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தான். நேரா என்னை. வலது காலை அரையடி தூக்கி வச்சிருக்கான், கோட்டுக்கு மேல, அந்தரத்துல. வாய் அசையுது. உள்ள வரட்டுமா சார்னு கேக்கறான். எனக்குக் காதுல விழலை. விழாட்டியும் தெரியுதே.

மைக் என் கையில. "வாடா"ன்னா போதும். ஒரு வார்த்தை.

ஆள் விழுந்து கூட்டம் உள்ள பாஞ்சா நான் எப்பவும் ஒண்ணு சொல்லுவேன். பதினேழு வருஷமாச் சொன்னது, வாய் தானா சொல்லும். "கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது, ஒத்துழைப்புத் தரவும்." அதைச் சொன்னேன். பொதுவாத்தான் சொன்னேன் சார். கூட்டத்துக்குச் சொன்னேன். அவனைச் சொல்லலை.

அவன் தூக்கின காலைத் திரும்ப வெளிய வச்சான்.

நாலு பசங்க மணிமாறனைக் கையைப் பிடிச்சு, காலைப் பிடிச்சு, மூட்டை தூக்கற மாதிரி தூக்கி லோடு ஆட்டோவுல போட்டானுங்க. தலை பின்னாடி தொங்கிச்சு. அண்ணன் கோட்டுக்கு வெளியவே மைதானத்தைச் சுத்தி ஓடி ஆட்டோவைப் பிடிச்சான். சுத்தி, சார். குறுக்க ஓடியிருந்தா இருபது தப்படி. அந்த நேரத்துலயும் டீமுக்கு அஞ்சு வருஷம் போயிடும்னு நெனச்சானா, இல்ல என் வாயிலேர்ந்து வந்ததை உத்தரவுன்னே எடுத்துக்கிட்டானா, எனக்குத் தெரியலை. அவன்கிட்டதான் கேக்கணும்.

கழுத்துக்குக் கீழ ஒண்ணும் இல்லாமப் போச்சு மணிமாறனுக்கு. எலும்பு விழுந்தப்பவே முறிஞ்சுதா, தூக்கினப்ப நகர்ந்துதான்னு டாக்டராலயே சொல்ல முடியலை. சொல்ல முடியலைன்னுதான் சொன்னார். நல்லா விசாரிச்சுட்டேன். மூணு தடவை போயி விசாரிச்சேன். மூணாவது தடவை அந்த டாக்டர், "நீங்க பேஷண்டுக்கு யாரு?"ன்னு கேட்டார். கழகம்னேன்.

அந்த வருஷமே பாலகுரு செத்துட்டார். பாய் சிங்கப்பூர்லயே இருந்துட்டார், போன வருஷம் அவரும் போயிட்டார்னு சேதி வந்துது. கழகம் தானாக் கலைஞ்சுது. மைக்கை அப்புறம் நான் தொடலை. தொண்டை கட்டிக்குதுன்னு சொல்லிட்டேன். ஆனா எங்க திருவிழா நடந்தாலும் எவனாவது ஒருத்தன் மைக்ல ஒத்துழைப்புத் தரவும்னு சொல்லிடறான். சொன்னதும் அது என் குரலாத்தான் எனக்குக் கேக்குது. ஒரு நாள் பால் வாங்கற வரிசையில நின்னுக்கிட்டு, "நான் பொதுவாத்தான் சொன்னேன்"னு சத்தமாச் சொல்லிட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

இப்ப புதுசா ஒரு சங்கம் வந்திருக்கு. பசங்க மேட் விரிச்சு, லைட்டுப் போட்டு, ஜோரா நடத்தறானுங்க. போன பொங்கலுக்குப் பழைய ஆளுன்னு எனக்கு ஒரு துண்டு போர்த்தக் கூப்பிட்டானுங்க. போனேன். போயிருக்கக் கூடாது. எதிர்ல நிக்கிறான் சார். முடியில பாதி நரை. செருப்பில்லாத கால், கோட்டை ஒட்டி. இந்தத் தடவை நெசமாவே நிக்கிறானா, இல்ல எனக்குத் தெரியுதான்னு சந்தேகம் வந்து பக்கத்துல இருந்தவனைக் கேட்டேன். "நீலமேகம் அண்ணன்தான், எல்லா மேட்ச்சுக்கும் வருவாரு"ன்னான். சங்கத்துச் செயலாளர் மைக்ல அவனைக் கூப்பிட்டான், பழைய ஆட்டக்காரர், உள்ள வந்து கோப்பை குடுங்கன்னு. நீலமேகம் தலையாட்டிட்டு, "எனக்குத் தடை இருக்கு தம்பி"ன்னான். பசங்க கேலின்னு நெனச்சு கொல்லுன்னு சிரிச்சானுங்க. சிரிக்காம இருந்தது ரெண்டே பேரு. அவனும் நானும்.

பதினோரு வருஷம் சார். கொலை பண்ணினவன் கூட வெளிய வந்துடறான்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கழகத்து லெட்டர் பேடு இருந்துது. முத்திரை இருந்துது, மை காஞ்சு போயி. எச்சில் தொட்டு ஈரமாக்கினேன். எழுத உக்காந்தேன். பதினஞ்சு நாளாச்சு அந்த ஒரு பக்கத்தை எழுத. தடை இன்று முதல் நீக்கப்படுகிறது. காரணம்னு ஒரு பத்தி எழுதணும், அதான் வழக்கம். என்ன காரணம்னு எழுதறது? தவறான நபர்னு எழுதினா அப்ப ஏன் அன்னிக்கே எழுதலைன்னு கேள்வி வரும். கடைசியில நன்னடத்தை காரணமாகன்னு எழுதினேன். நல்ல வார்த்தை. பொய்யும் இல்லை. என் கையெழுத்தைப் போட்டேன். முத்திரை குத்தினேன்.

தபால்ல போடலாம்னுதான் இருந்தேன். வீட்டுல, "இவ்வளவு பண்ணினவர் நேர்ல போயிக் குடுத்தா கால் தேஞ்சா போயிடும்?"னா. போன மாசம் இதே பஸ்ல வந்தேன்.

தெருக் கோடியில ஓட்டு வீடு. படலைத் தாண்டி வாசப்படி. நான் படிக்கு வெளிய நின்னு, "நீலமேகம்"னு கூப்பிட்டேன். துண்டால கையைத் துடைச்சுக்கிட்டு வந்தான். தம்பிக்கு உடம்பு துடைச்சு விட்டுட்டிருந்திருக்கான், சோப்பு வாசனை. என்னைப் பாத்ததும் கும்பிட்டான். அதே கும்பிடு. ஆனா வாங்க சார்னு சொல்லலை. நம்ம ஊர்ல பகையாளி வாசல்ல வந்து நின்னாக் கூட வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவான். சொல்லலை. நானும் படி ஏறலை.

கவரை நீட்டினேன். "உத்தரவுப்பா. தடையை நீக்கியாச்சு. நீ இனிமே எங்க வேணா போகலாம், வரலாம்"னேன். அழுவானோ, கட்டிப் பிடிப்பானோ, அடிச்சுடுவானோன்னு என்னென்னவோ நெனச்சுக்கிட்டு வந்தேன். அடிச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

அவன் பிரிச்சுப் படிச்சான். ரெண்டு தரம் படிச்சான், அன்னிக்கு மில்லுல படிச்ச மாதிரியே நிதானமா. அப்புறம் பழைய மடிப்பு மாறாம மடிச்சு கவர்ல போட்டு எங்கிட்டயே நீட்டினான்.

"இதுல ஒரு கையெழுத்துதாங்க சார் இருக்கு."

"மத்த ரெண்டு பேரும் செத்துப் போயிட்டாங்கப்பா."

"தெரியுங்க. தலைவர் சாவுக்கு மாலை போட்டேன், பாய் போன சேதியும் வந்துது. ஆனா மூணு கையெழுத்து இல்லாத உத்தரவு செல்லாதுன்னு நீங்கதானே சார் புத்தகம் போட்டீங்க."

கேலி இல்ல சார் அந்தக் குரல்ல. கோபமும் இல்ல. பாஸ் புக்ல கையெழுத்து மாறியிருக்குன்னு பேங்குல சொல்லுவாங்களே, அப்படிச் சொன்னான். அவன் சொன்னது சரி. விதி அதுதான். எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாக் கூட இருந்துது, பாருங்க என் புத்தியை. பதினேழு வருஷத்துல என் புத்தகத்தை ஒருத்தனாவது ஒழுங்காப் படிச்சிருக்கானேன்னு.

அப்புறம்தான் புரிஞ்சுது. இனிமே அந்தத் தடையை நீக்க இந்த உலகத்துல யாராலயும் முடியாது. அவன் சாகற வரைக்கும் கோட்டுக்கு வெளியதான் நிப்பான். நான் சாகற வரைக்கும் அதைப் பாக்கணும்.

கவரை வாங்கிக்கிட்டேன். தம்பியை ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டுமான்னு கேக்க நெனச்சேன். கேக்கறதுக்குள்ள உள்ளேர்ந்து அவன் குரல் வந்துது. உடம்புதான் போச்சு, குரல் அப்படியே இருக்கு, பழைய மணிமாறன் குரல்.

"யாருண்ணே வாசல்ல?"

நான் நிக்கிறேன் சார். அவனுக்கும் எனக்கும் நடுவுல ஒரு வாசப்படிதான். நீலமேகம் என் கண்ணையே பாத்தான். கதவை ஒருக்களிச்சுச் சாத்திக்கிட்டே பதில் சொன்னான்.

"யாரும் இல்லடா."